பச்சைச் சுவரும் பழைய ரொட்டியும்

அத்தியாயம் ஆறு

“சுவர்ல இருக்கிற கை உன்னுதுதானா?”

“என்னுதுதாங்க்கா.”

“அங்க எப்படிப் போச்சு?”

வடிவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் பிடித்துப் போட்டவளுக்கு இந்தத் திங்கட்கிழமை வரை தலை வார ஒரு சீப்புகூட யாரும் கொடுக்கவில்லை. 

மணி ஒன்பது. இரண்டு மணிக்குக் கோர்ட். அங்கே வாயைத் திறக்காமல் இருந்தால் ஆறு மாசம் உள்ளே தள்ளுவார்கள்; வெளியே வந்ததும் பினாங்கை விட்டே நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். புருஷன் பிச்சைமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், மூன்று நாளாக ஸ்டேஷன் வாசல் மரத்தடியிலேயே கிடக்கிறான்.

கேள்வி கேட்டது மார்த்தா அக்கா. பன்னிரண்டு வருஷம் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, கடைசியில் அந்த வீட்டுச் சாவிக்கொத்தையே இடுப்பில் செருகிக்கொண்டு அதிகாரம் பண்ணியவர். இப்போது சூலியா ஸ்ட்ரீட்டில் ஒரு மாடி அறை பிடித்து, வேலைக்காரிகளுக்கு வேலை செய்ய வீடு பார்த்துக் கொடுக்கிறார். பினாங்கில் எந்தப் பெரிய வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் வேலைக்காரியின் மூட்டையைத்தான் அவிழ்ப்பார்கள். அவிழ்த்த மூட்டையைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது எங்கள் உபதொழில். ‘எங்கள்’ என்றால் அக்காவும் நானும். நான் சீனி முகம்மது. மூன்று வருஷம் முன்பு வரை பர்மா ரோட்டில் சைக்கிளில் ரொட்டி விற்றவன். என் வாய் சும்மா இருக்காது என்பதால் ரொட்டிக் கடை முதலாளி விரட்டினார். அதே வாய்க்காக அக்கா வேலை கொடுத்தார்.

“இந்தா பாரு வடிவு, அந்த வீட்டுக்கு உன்னை அனுப்பினது நான். நீ அட்டிகையை எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லு. எடுக்கலைன்னா கை எப்படி வந்துச்சுன்னு சொல்லு.”

“எடுக்கலக்கா. ஆனா அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதீங்க. நான் ஜெயிலுக்கே போயிடறேன்.”

“பைத்தியமா உனக்கு?” என்று நான் கத்தினேன். “களி அவ்வளவு ருசியாவா இருக்கும்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல் மரத்தடியைத்தான் பார்த்தாள். “அவரு காதுல மட்டும் எதுவும் விழக்கூடாது. விழுந்தா கத்தியைத் தூக்கிடுவாரு. அப்புறம் அவரைத் தொங்க விட்டுருவாங்க.”

அக்காவின் முகம் மாறியது. கம்பிக்குள் கையை விட்டு வடிவம்மாளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு நகம் பிய்ந்திருந்தது. மற்றதில் கரும்பச்சை அழுக்கு அப்பியிருந்தது.

“இது அந்தச் சுவர்ச் சாயந்தானே? தினம் துடைக்கிறியே, அப்ப ஒட்டினதா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் வடிவம்மாளுக்கு ரோஷம் வந்தது. “ரொட்டியில்லாம நான் அந்தச் சுவரைத் தொட்டதே இல்லக்கா! கையில துணி சுத்திக்கிட்டுத்தான் துடைப்பேன். வெறுங்கை பட்டா அந்தம்மா என்ன கத்து கத்தும்னு உங்களுக்குத் தெரியாதா?”

அக்கா சட்டென்று எழுந்தார். “வாடா சீனி. ரிக்‌ஷாவைக் கூப்பிடு.”

*

“அக்கா, ரொட்டிக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?” ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

“மூணு வருஷம் முந்தி பர்மா ரோட்டுல, இப்ப வடிவு வேலை செய்யற பெர்னார்ட் கிராணி வீட்டுல பழைய ரொட்டி வாங்குவாங்களா?”

“வாங்குவாங்களே! வாரம் நாலு. முந்தின நாள் ரொட்டியாத்தான் கேப்பாங்க. வேலைக்காரங்களுக்குக் காஞ்ச ரொட்டியைப் போடுறானேன்னு அந்த ஆளை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே கொடுப்பேன்.”

“திட்டினது வீண் போகல, வேற கணக்குல வச்சுக்கோ. அது சுவருக்குடா. கறுப்பு, கரும்பச்சை மாதிரி சாயம் அடிச்ச சுவர்ல யார் கை பட்டாலும் பிசுபிசுன்னு மினுங்கும். தண்ணி போட்டுத் துடைச்சா சாயம் வெளுத்துத் திட்டுத் திட்டா நிக்கும். அதனால பழைய ரொட்டியைப் பிச்சு, நடுவுல இருக்கிற பஞ்சை வச்சு மெல்ல ஒத்தி எடுக்கணும். துரை வீட்டுல பன்னிரண்டு வருஷம் நான் செஞ்ச வேலை.”

மனுஷன் தின்கிற ரொட்டியைச் சுவருக்குத் தீனி போடுகிறார்களே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது. கம்பெனித் துரையின் ஆபீஸ் அறை கரும்பச்சை என்பதற்காக, அதே கம்பெனியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருக்கும் பெர்னார்ட் தன் வீட்டு அறைக்கும் கரும்பச்சை அடித்தான். பச்சை அடித்தவன் அவன். அதைக் காப்பாற்றுகிற வேலை மட்டும் வடிவம்மாள் தலையில்.

“வீட்டுக்குள்ள எப்படிக்கா போறது? நம்மளைப் பாத்தாலே கதவைச் சாத்துவாங்களே.”

“நீ சுவர் துடைக்க வந்த ஆளு.”

“நானா?”

“ரெண்டு ரொட்டி வாங்கிக்க.”

*

அக்னஸ் அம்மாள்தான் கதவைத் திறந்தாள். பெர்னார்டின் மனைவி; அட்டிகை காணோம் என்று புகார் கொடுத்தவள். வெள்ளை ரவிக்கை, கழுத்தில் ஜெபமாலை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. தூங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

“நான் அனுப்பின பொண்ணால உங்களுக்குத் தொந்தரவு,” என்றார் அக்கா, குரலில் வெல்லப்பாகு ஊற்றி. “போலீஸ் போட்ட பொடியெல்லாம் சுவர்ல அப்படியே இருக்குமே. துடைக்க ஆள் கூட்டியாந்தேன்.”

நான் ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன். அக்னஸ் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் வழி விட்டாள்.

அறைக்குள் சார்ஜண்ட் பாக்கியசாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வடிவம்மாளைப் பிடித்தவர் அவர்தான். பெர்னார்டும் அவரும் மாதா கோயிலில் ஒரே பெஞ்சு. பெர்னார்ட் கோர்ட்டுக்குப் போக வெள்ளைக் கோட்டு மாட்டி, கண்ணாடி முன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“வந்துட்டாளா!” என்றார் சார்ஜண்ட்; பேச்சுக்கு நடுவில் ‘லா’ போடுகிற பினாங்குக்காரர். “மார்த்தா, இந்தத் தடவை உன் பருப்பு வேகாது. இது விஞ்ஞானம். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், லா. அஞ்சு விரலும் அப்படியே பொருந்துது. விஞ்ஞானம் பொய் சொல்லாது.”

“அது ஒண்ணுமே சொல்லலையே சார்ஜண்டு. பேசறதெல்லாம் நீங்கதான். போட்டோ எங்க?”

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஐந்து விரல், மேல்நோக்கி, அழகாக. அக்கா அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அறைக்கு ஒரே ஜன்னல். கரும்பச்சைச் சுவர் வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கம்மென்று நின்றது. நெஞ்சு உயரத்தில் ஒரு சின்னச் சுவர் அலமாரி. அட்டிகை இருந்த இடம். அதற்கு வலப்பக்கத்தில், இடுப்பு உயரத்தில், போலீஸ் தூவிய வெள்ளைப் பொடியில் ஒரு கை.

அக்கா போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரோடு வைத்துப் பார்த்தார். சுவரில் விரல்கள் கீழ்நோக்கி இருந்ததால் அப்படித்தான் பொருந்தியது; போட்டோவைச் சார்ஜண்ட்டிடமே திருப்பிக் கொடுத்தார்.

“அம்மா, இந்தச் சுவரைத் தினம் துடைக்கிறது யாரு?”

“அவதான்,” என்றாள் அக்னஸ் அம்மாள். “வெள்ளிக்கிழமை காலையில துடைச்சா. அதுக்கப்புறம் இந்த அறையில கால் வைக்க மாட்டேன்னு நின்னா. சனிக்கிழமை காலையில அட்டிகையைக் காணோம். திருட்டு முழி அப்பவே தெரிஞ்சுது.”

“எதை வச்சுத் துடைப்பா?”

“ரொட்டிதான். தண்ணி பட்டா என்ன ஆகும்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.”

“அப்ப இது ரெண்டும் என்ன?” அக்கா விரலை நீட்டினார். என் முகவாய் உயரத்தில், ஒரு முழ இடைவெளி விட்டு, கைக்குட்டை அளவில் இரண்டு வெளுத்த திட்டுகள். ஈரத்துணி போட்டு அவசரமாகத் தேய்த்த தடம்.

பெர்னார்ட் கண்ணாடியிலிருந்து திரும்பினான். “வேற யாரு? திருடிட்டு அவசரத்துல அவதான் துடைச்சிருப்பா.”

“தன் தடத்தையா?”

“ஆமா.”

“மத்த எடமெல்லாம் துடைச்சவ, தன் கையை மட்டும் போலீஸ் ஐயா பாக்கட்டும்னு விட்டுட்டாளாக்கும்!” என்றேன் நான். “ரொம்ப மரியாதை தெரிஞ்ச திருடி.”

“நீ யாருடா?”

“சுவர் துடைக்கிறவன், ஐயா.”

சார்ஜண்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முட்டாள் இல்லை. பெர்னார்ட் வீட்டில் வந்து யோசிக்க அவருக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

“அம்மா,” என்றார் அக்கா, “உங்க முகப் பவுடர் கொஞ்சம் வேணும்.”

“எதுக்கு?”

“போலீஸ் ஒரு கையோட நிறுத்திட்டாங்க. மனுஷிக்கு ரெண்டு கை.”

பவுடர் டப்பா வந்தது. அக்கா தொப்பி ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, உள்ளங்கையில் பவுடரைக் கொட்டிச் சுவரை நோக்கி ஊதினார். மிச்சத்தை நான் ரொட்டிப் பஞ்சால் ஒத்தி எடுத்தேன். வெறும் சுவரில் பட்டது உதிர்ந்தது. பிசுக்கில் பட்டது ஒட்டிக்கொண்டது. முதல் கைக்கு ஒன்றரை முழம் தள்ளி, அதே இடுப்பு உயரத்தில், இன்னொரு கை வெள்ளையாக எழுந்து வந்தது. அதன் கீழே நகம் கீறிய நாலு கோடு, சாயம் பெயர்ந்து உள்ளே இருந்த சுண்ணாம்பு தெரிய.

அக்கா மேலேயும் ஊதினார். இரண்டு வெளுத்த திட்டுகளுக்கும் நடுவில், தேங்காயெண்ணெய்ப் பிசுக்கில், ஒரு தலையின் வட்டம் வந்தது.

 எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. புரிந்ததும் கையிலிருந்த ரொட்டியைக் கசக்கிவிட்டேன்.

“சார்ஜண்டு,” என்றார் அக்கா. “உங்க வலது கையைக் கொஞ்சம் அந்த முதல் தடத்துல வைங்க. அலமாரியைத் திறக்கிற திருடன் மாதிரி.”

அவர் சுவரைப் பார்த்து நின்று கையை வைத்தார். பொருந்தவில்லை. விரல்கள் கீழே பார்க்க வேண்டியிருந்ததால் மணிக்கட்டைத் திருகினார், தோளைச் சாய்த்தார், நடனக்காரி மாதிரி இடுப்பை வளைத்தார்.

“இப்படி எவன் லா திருடுவான்?” என்று அவரே முனகினார்.

“திரும்பி நில்லுங்க. முதுகு சுவர்ல படட்டும்.”

திரும்பினார். வலது கை தானாகப் போய் அந்தத் தடத்தில் உட்கார்ந்தது. இடது கை மற்றதில் உட்கார்ந்தது. வடிவம்மாள் குள்ளம் என்பதால் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். தலை எண்ணெய் வட்டத்தில் போய்ச் சேர்ந்தது.

“சீனி, நீ அவர் எதிர்ல போ. அந்த வெளுத்த திட்டு ரெண்டுலயும் உன் கையை வை.”

போனேன். வைத்தேன். சார்ஜண்ட்டின் தலைக்கு இரண்டு பக்கமும் என் கை. அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் நாலு விரல் இடைவெளி. அவர் குடித்த காப்பி வாசனை என் முகத்தில் அடித்தது. அவர் நகரப் பார்த்தார், நகர இடமில்லை.

“தள்ளிப் போடா, நாயே!” என்று உறுமினார்.

“அவளும் அதத்தான் சொல்லியிருப்பா,” என்றார் மார்த்தா அக்கா.

நான் கையை எடுத்தேன். சார்ஜண்ட் அதே இடத்தில் நின்றார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போயிருந்தது. மெதுவாகத் திரும்பிப் பெர்னார்டைப் பார்த்தார்.

“என்னப்பா பாக்கியம், இவ ஏதோ கதை கட்டறா,” என்றான் பெர்னார்ட். “ஒரு கூலிக்காரன் பொண்டாட்டி எங்க சாஞ்சு நின்னா எனக்கென்ன?”

“ஈரத்துணி போட்டுத் தேய்ச்சது யாரு?” என்றார் அக்கா. இப்போது குரலில் வெல்லம் இல்லை. “வேலைக்காரிக்குத் தெரியும் தண்ணி படக்கூடாதுன்னு. வீட்டம்மாவுக்குத் தெரியும். இந்த வீட்டுல ஒரு தடவைகூடச் சுவர் துடைக்காத ஆளு ஒருத்தன்தான். உன் கையை நீ துடைச்சுக்கிட்ட. அவ கை இருட்டுல உனக்குத் தெரியல. மறுநாள் போலீஸ் அதைக் கண்டுபிடிச்சப்ப, அது எப்படி வந்துச்சுன்னு உலகத்துலேயே தெரிஞ்ச ஒரே ஆம்பளை நீ. வாயை மூடிக்கிட்டுக் கழுத்துப்பட்டை கட்டறியே, வெக்கமா இல்ல?”

“அப்ப அட்டிகை? அது எங்க போச்சு? கால் முளைச்சுப் போச்சா?”

நியாயமான கேள்விதான்.  ஆனால் அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. அக்னஸ் அம்மாளைத்தான் பார்த்தார்.

“அம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாசத்து முதல் வெள்ளிப் பூசைக்குப் போயிட்டு வந்து, இந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்தீங்க இல்ல? ஒரு சின்னக் கறைக்குக் கத்துற நீங்க, அன்னைக்கு ஏன் கத்தல?”

 அக்னஸ் அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். சமையலறையில் அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முழங்கை வரை அரிசித் தூசி. கையில் அட்டிகை. அதை மேஜை மேல் வீசினாள்.

பெர்னார்ட் வாயைப் பிளந்தான். அவனுக்கே இது தெரியாது.

“அவளும் சேர்ந்துதான்னு நெனச்சேன்,” என்றாள் அவள். “அந்தத் தலை எண்ணெயைப் பாத்ததும் எனக்கு எரிஞ்சுது. என் வீட்டுக்குள்ளயே, நான் பூசையில முழங்கால் போட்டிருக்கிற நேரத்துல… அவளை இந்த ஊரை விட்டே துரத்தணும்னு நெனச்சேன்.”

“சேர்ந்து நின்னவ சுவரைக் கீறுவாளா?” என்று அக்கா கேட்டார். “அவ நகத்தைப் பாத்தேன் நான். பிஞ்சு கெடக்கு. அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கல. புருஷன்கிட்ட கேக்கப் பயம், அதனால புகாரை அவ தலையில எழுதினீங்க. நீங்க அழுதா நான் கண்ணைத் துடைக்க மாட்டேன்மா. மூணு நாளா அவ லாக்கப்புல கெடக்கறா.”

அக்னஸ் அம்மாள் அழவில்லை. அந்த நாலு கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெர்னார்ட்தான் முதலில் சுதாரித்தான். குரல் நைசாகிவிட்டது. “சரி. அட்டிகை கிடைச்சாச்சு. எடுத்து வச்ச எடம் மறந்து போச்சுன்னு சொல்லிடலாம். அவளும் வெளிய வந்துடுவா. முடிஞ்சுது, இல்லையா பாக்கியம்?” சொல்லிக்கொண்டே பூச்சாடித் தண்ணீரில் துவாலையை நனைத்து, சுவரை நோக்கி நடந்தான்.

சார்ஜண்ட் நகர்வதற்குள் அக்னஸ் அம்மாள் குறுக்கே பாய்ந்தாள். சுவரில் முதுகை ஒட்டிக் கையை விரித்து நின்றாள்.

“தொட்டுப் பாருங்க,” என்றாள்.

அவன் தொடவில்லை. துவாலையிலிருந்து தண்ணீர் அவன் வெள்ளைக் கால்சட்டையில் சொட்டியது.

“போட்டோகிராபரை வரச் சொல்றேன்,” என்றார் சார்ஜண்ட்.  “இந்தத் தடவை முழுச் சுவரையும் எடுக்கறோம். பெர்னார்ட், நீ வீட்டை விட்டு நகராதே.”

வெளியே வரும்போது நான் மிச்ச ரொட்டியை மேஜையில் வைத்தேன். “இன்னைக்குச் சுவர் துடைக்கலம்மா,” என்றேன். “இதை ஐயாவுக்குப் போடுங்க.”

*

ஸ்டேஷனில் பன்னிரண்டு மணிக்கு லாக்கப் கதவு திறந்தது. வடிவம்மாள் வெளியே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றாள்.

“அட்டிகை அந்த அம்மா வீட்டு அரிசி டின்லயே இருந்துச்சு,” என்றார் அக்கா. “நீ வீட்டுக்குப் போலாம். அது ஒண்ணு. இன்னொண்ணு உன் இஷ்டம். நான் உன் புருஷன்கிட்ட எதுவும் சொல்லல.”

சார்ஜண்ட் மேஜையில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

“வடிவம்மா, நீ புகார் கொடுத்தா நான் எழுதிக்கறேன். ஆனா யோசிச்சுக்கோ. கோர்ட்டுல வக்கீல் வாய்க்கு வந்ததெல்லாம் கேப்பான். ஊரே பேசும்.”

அவள் அக்காவைப் பார்த்தாள். “சுவரைத் துடைச்சிட்டாங்களாக்கா?”

“இல்ல. துடைக்க விடாம அந்தம்மா காவல் நிக்கறா.”

 வடிவம்மாள் வாசல் பக்கம் திரும்பி, “இங்க வாங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிச்சைமுத்து ஓடி வந்தான். அக்கா கண்ணைக் காட்ட, அவன் பின்னால் போய் நின்று இடுப்பைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். மூட்டை தூக்குகிற உடம்பு அது. அவன் உதறினால் நான் கடலில் போய் விழுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் சொன்னாள். நாலே வாக்கியம். தலையைக் குனியாமல் சொன்னாள். பிச்சைமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. கை மடிக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன். மடியில் கத்திதான் இருந்தது.

“அதைக் கீழ போடுங்க,” என்றாள் வடிவம்மாள். “நீங்க அவனைக் குத்தினா அது உங்க வழக்கு. இது என் வழக்கு.”

 கத்தி தரையில் விழுந்தது. “நீ சொல்லு புள்ள,” என்றான் பிச்சைமுத்து. “நான் இங்கதான் இருக்கேன்.”

சார்ஜண்ட் எழுதினார். எழுதி முடித்து வாசித்தும் காட்டினார். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சனிக்கிழமை அவள் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திய அதே மைப்பலகையை எடுத்து முன்னால் வைத்தார். வழக்கம்போல அவள் விரலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

“நீங்க புடிக்க வேணாம்,” என்றாள்.

தானே பெருவிரலை மையில் தோய்த்தாள். காகிதத்தில் வைத்து, மேஜை ஆடும்படி அழுத்தினாள்.

“மெல்ல வச்சாப் போதும்மா,” என்றார் சார்ஜண்ட்.

“நல்லா பதியட்டும்யா,” என்றாள் வடிவம்மாள். “இதையும் எவனாவது துடைச்சிடப் போறான்.”